வெட்டிய குளத்தில் எந்த மீனை விடுவது?

இந்த ஆடியில் எங்கள் ஊர்க் குளத்தை வெட்டினார்கள். யாழ்ப்பாணத்தில், வழுக்கையாற்றுப் படுகையில் கிடக்கும் சின்னக் குளம் அது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து யாரும் தூர் வாரியதில்லை. மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் இறங்கி நாலு நாளில் வேலை முடிந்தது. குளம் ஆழமானது, வரம்பு உயர்ந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். ஐந்தாம் நாள் காலையில் பெரியப்பா வரம்பில் கொட்டிக் கிடந்த சேற்றில் கால் வைத்தபோது சேறு அசைந்தது. மண்வெட்டியால் மெல்லக் கிளறிப் பார்த்தால் உள்ளே விரால், உயிரோடு.

விராலுக்கு அது வழக்கம். குளம் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து, காற்றைச் சுவாசித்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். வெட்டுவதற்கு வசதியான மாதம் என்று நாங்கள் தேர்ந்த மாதம், அது படுத்திருக்கும் மாதம். அன்றைக்குப் பிள்ளைகள் முழுநாளும் சேற்றைக் கிளறி 14 விராலை எடுத்தார்கள். கோயில் கேணியில் எந்தக் கோடையிலும் தண்ணீர் இருக்கும் என்பதால் அங்கே கொண்டுபோய் விட்டோம். எத்தனை சேற்றோடு காய்ந்துபோயின என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. பாதிக் குளத்தை இந்த வருடமும் மறுபாதியை அடுத்த வருடமும் வெட்டியிருக்கலாம், ஒரு மூலைச் சேற்றையாவது தொடாமல் விட்டிருக்கலாம். அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கும் அப்போது தெரியாது.

இப்போது புரட்டாசி. மழை இறங்க இன்னும் சில கிழமைதான். குளம் நிறைந்ததும் என்ன மீன் விடுவது என்று கமக்காரர் அமைப்பிலும் சனசமூக நிலையத்திலும் பேச்சு நடக்கிறது. நாலு யோசனைகள் வந்திருக்கின்றன. நன்னீர் மீன் வளர்ப்புக்கான அரச நிறுவனமான நக்டாவிடம் குஞ்சு கேட்டு வாங்குவது ஒன்று. கிளிநொச்சிப் பக்கக் குளத்திலிருந்து விரால் கொண்டுவருவது இன்னொன்று. பக்கத்து ஊர்க் குளங்களில் பிடித்து விடுவது மூன்றாவது. ஒன்றுமே விடாமல் வெள்ளத்தோடு வருவது வரட்டும் என்று இருப்பது நாலாவது. இவற்றோடு கேணியில் நிற்கிற 14 பேரும் இருக்கிறார்கள். அதை ஐந்தாவது யோசனையாகவே வைக்கலாம்.

கூட்டத்தில் எல்லாரும் கேட்பது எது மலிவு, எது கெதியில் வளரும் என்றுதான். அது நியாயமான கேள்வி. என் கவலை வேறு. இன்று எந்த மீனை, எத்தனை தாய் தகப்பனிடமிருந்து விடுகிறோமோ, அதன் பிள்ளைகளும் பேரர்களும்தான் ஐம்பது வருடத்துக்கு இந்தக் குளத்தில் நீந்தப் போகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு நல்ல மாரி அதை நிரப்பிவிடும், மரபணு வகை குறைந்தால் அந்த மாரியால் ஒன்றும் செய்ய முடியாது.

இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒவ்வொரு மீனிலும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. அவை வேறுவேறாக இருப்பதுதான் அந்தக் கூட்டத்தின் கையிருப்பு. புது நோய் வந்தால், தண்ணீர் உவர்த்தால், வெயில் கூடினால், தாங்கக்கூடிய சிலவாவது கூட்டத்தில் இருக்க அந்தக் கையிருப்பு வேண்டும். ஒரு தலைமுறையில் அது எவ்வளவு கரையும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: குஞ்சு போடுகிற மீன்களின் தொகையை இரண்டால் பெருக்கி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். பத்து மீன் குஞ்சு போட்டால் இருபதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 5 வீதம் ஒரு தலைமுறையில் போய்விடும். பத்துத் தலைமுறை அப்படியே நடந்தால் நூற்றுக்கு 40 வீதம் போய்விடும். ஐம்பது மீன் குஞ்சு போட்டால் தலைமுறைக்கு ஒரு வீதம்தான், பத்துத் தலைமுறைக்குப் பிறகும் 90 வீதம் கையில் இருக்கும்.

வற்றுகிற குளங்களுக்கு இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. நாலு வருடம் 1000 மீன் நின்ற குளத்தில் ஐந்தாம் வருடம் வறட்சி வந்து 20 மீன் மட்டும் மிஞ்சியது என்று வையுங்கள். சாதாரணச் சராசரி எடுத்தால் 800க்கு மேல் வரும். மரபணுக் கணக்கில் அது ஏறக்குறைய 93 மீன் மட்டும் இருந்த குளத்துக்குச் சமம். ஒரு கெட்ட வருடம் நாலு நல்ல வருடங்களைத் தின்றுவிடும். எங்கள் குளத்துக்கு இந்த ஆடி அப்படி ஒரு கெட்ட வருடம், நாங்களே வரவழைத்தது.

சரி, யோசனைகளுக்கு வருகிறேன்.

நக்டா குஞ்சு என்றால் அதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய இந்தியக் கெண்டைகள் ஒரு வகை. இவை ஓடுகிற ஆற்றில் முட்டையிடுகிறவை, நின்ற தண்ணீரில் பெருகுவதில்லை. பொரிப்பகத்தில் ஊசி போட்டுத்தான் குஞ்சு எடுக்கிறார்கள். வற்றுகிற குளங்களில் மழையோடு விட்டுக் கோடையில் பிடித்துவிடுவது இலங்கையில் பல இடங்களில் நடக்கிறது. உள்ளூர் மீனோடு இவை இனம் கலப்பதும் இல்லை, பிடித்து முடித்தால் கதை முடிந்தது. பெரிய குளம் உள்ள ஊருக்கு இதை நான் எதிர்க்க மாட்டேன். எங்கள் குளத்துக்குச் சரிவராது. ஒவ்வொரு வருடமும் குஞ்சு வாங்க வேண்டும். அதைவிட, கோடையில் அவற்றைப் பிடிக்க இழுக்கிற வலை, விரால், குறவை, சுங்கான் என்று உள்ளூர் மீன்களையும் சேர்த்தே வாரிக்கொண்டு வரும். வருடத்துக்கு ஒரு முறை சல்லடை போட்டு அரிப்பது போன்ற வேலை அது.

மற்றது திலாப்பியா. இதில் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். 1952இல் மொசாம்பிக் திலாப்பியாவையும் 1975இல் நைல் திலாப்பியாவையும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். நாட்டின் பெரிய குளங்களில் ஏழைக்கு மலிவான புரதம் கொடுத்தது அதுதான், அதை மறுக்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டு இனங்களும் இங்கே தங்களுக்குள்ளேயே கலந்துவிட்டன. மொசாம்பிக் திலாப்பியாவின் சொந்த மண்ணான தெற்கு ஆபிரிக்காவில், நைல் திலாப்பியா வந்து கலந்ததால் அந்த மீனையே அழியக்கூடிய இனப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பெருகுவதில் ஊர் உலகத்தை வென்ற மீன், தன் ஊரில் கலப்பால் கரைந்துகொண்டிருக்கிறது. எங்கள் குளத்து மீன்களோடு திலாப்பியா இனம் கலக்காது, உண்மைதான். இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொண்டு, உள்ளூர்க் கெண்டைகளை நூறிலிருந்து இருபதாக்கும். இருபதான பிறகு என்ன நடக்கும் என்று மேலே கணக்குப் போட்டுவிட்டோம். ஒரு தரம் விட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பது. அப்படி ஒரேயொரு தாய் வாளியில் வந்தாலும் போதும், குளம் நிறைந்துவிடும்.

கிளிநொச்சி விரால் யோசனையைச் சொன்னவர் என் மச்சான். அங்கே இரணைமடுப் பெருங்குளத்துப் பக்கம் அவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல பருமனான விரால் கிடைக்கும், லொறியில் கொண்டுவரலாம். மனதோடு சொன்ன உதவி, அதனால் மறுக்கவும் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் மூன்று காரணங்களுக்காக மறுக்கிறேன். முதலாவது, வாளிக்குள் திலாப்பியாக் குஞ்சு வராமல் அந்தக் குளங்களிலிருந்து மீன் கொண்டுவருவது லேசான காரியமில்லை. இரண்டாவது நோய். 1980களின் கடைசியில் விரால்களின் உடம்பெல்லாம் புண்ணாகிச் செத்து மிதந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூஞ்சை போன்ற ஒரு கிருமியால் வந்து தெற்காசியா முழுவதையும் பிடித்த நோய் அது. விரால் இனத்தைத்தான் மோசமாகத் தாக்கியது. தூரத்து மீனோடு தூரத்து நோயும் வரும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. எங்களுக்கும் அந்த ஆற்றுக்கும் நடுவே உப்புக் கடல்நீரேரி கிடக்கிறது. ஹிரண்ய சுதசிங்க, மாதவ மீகஸ்கும்புர, ரொஹான் பெத்தியாகொட போன்ற ஆய்வாளர்கள் இலங்கையின் நன்னீர் மீன்களை மரபணு வழியாகப் பார்த்து எழுதிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் ஒன்று உண்டு: வெளிப் பார்வைக்கு ஒரே மீனாகத் தெரிவது, ஆற்றுக்கு ஆறு உள்ளே வேறாக இருக்கலாம். ஏறக்குறைய 20,000 வருடங்களுக்கு முன், பனிக்காலத்தில், கடல் 120 மீற்றர் அளவுக்கு இறங்கி இருந்தபோது பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது. அப்படி நிலம் ஒட்டிக் கிடந்தும் இரு கரையிலும் தனித்தனி வம்சமாகவே பிரிந்து நின்ற மீன்கள் பல. பல்லாயிரம் வருடம் தனியாக வளர்ந்த இரண்டு வம்சங்களை ஒரு வாளியால் கலப்பது எப்போதும் நன்மையாக முடியாது. எங்கள் குளத்துத் தண்ணீர் சுண்ணாம்புக்கல் மேல் நிற்கும் தண்ணீர், கோடையில் உவர் ஏறும், பிறகு வற்றியும் போகும். இந்தச் சோதனையைத் தலைமுறை தலைமுறையாகத் தாண்டிய மீன் இங்கே இருக்கும்போது, வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற பெருங்குளத்து மீனைக் கொண்டுவந்து கலப்பானேன்?

அப்படியென்றால் கேணியில் நிற்கும் 14 மட்டும் போதாதா? ஊரில் சிலருக்கு அதுதான் விருப்பம். எங்கள் குளத்து மீன், எங்கள் குளத்துக்கே போகட்டும் என்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் 14இல் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று தெரியாது. நாலு ஆணும் பத்துப் பெண்ணும் என்றால், கணக்கில் அது 14 மீன் இல்லை, பதினொன்றுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். எல்லாம் குஞ்சு போடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இவற்றின் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே சேர்ந்து, அவற்றின் பிள்ளைகளும் அப்படியே சேர்ந்தால், பத்து வருடத்தில் எங்கள் குளத்து விரால் முழுவதும் ஒன்றுவிட்ட சகோதரம் ஆகிவிடும். 14ம் குளத்துக்குப் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது.

ஒன்றும் விடாமல் இருப்பதைச் சிலர் சோம்பேறித்தனம் என்கிறார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேல் குளங்களும் கேணிகளும் உண்டு, வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சின்னக் குளங்கள், இவ்வளவு அடிக்கடி வற்றியும், மீன் இல்லாமல் போகவில்லை. காரணம் வெள்ளம். கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் குளமும் ஒன்றாகும்போது பனையேறிக் கெண்டை ஈரத் தரையிலேயே ஊர்ந்து போகும், சுங்கானும் விராலும் முழங்கால் தண்ணீரில் வயலுக்குள் ஏறிவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் வெள்ளத்தில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே குறவை பிடித்தோம். மரபணு அறிவியலில் ஒரு பழைய விதி உண்டு. தனித்தனியாகக் கிடக்கும் கூட்டங்களுக்குள் ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு மீன் வெளியிலிருந்து வந்து இனம் கலந்தாலே, அவை பெரிதாகக் கையிருப்பை இழக்காமல் ஓரளவு ஒரே கூட்டமாக நிற்கும். பத்து மீன் வந்தால் இன்னும் நல்லது. அவ்வளவு சிறிய போக்குவரத்துக்கு அவ்வளவு பெரிய பலன். ஆயிரம் சின்னக் குளங்களை வருடத்துக்கு ஒரு முறை ஒரு பெரிய குளமாக்கித் தந்தது வெள்ளவாய்க்கால்தான்.

அந்த வாய்க்கால்தான் எங்களுக்கு அடைபட்டுக் கிடக்கிறது. வீதியை உயர்த்தியபோது மதகின் வாய் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. இரண்டு பக்கமும் புதுவீட்டு மதில்கள். குப்பை. வெள்ளம் வருகிறது, வீதியால் வழிகிறது, மீன் வருவதில்லை. ஆகவே சும்மா இருந்தால் எங்கள் குளத்துக்கு அதிகமாக வரப்போவது தவளை மட்டும்தான். வாய்க்காலைத் திறந்தால் இந்த யோசனை எல்லாவற்றிலும் சிறந்தது. வாய்க்கால் திறந்தால் திலாப்பியாவும் வருமே என்று ஒருவர் கேட்டார். வரலாம். நல்ல விரால் கூட்டம் உள்ள குளத்தில் திலாப்பியாக் குஞ்சு விராலுக்குத் தீனி. வெறுங்குளத்தில்தான் அது ராசா.

இப்படிப் பார்த்தால் மிஞ்சுவது பக்கத்துக் குளங்கள். என் கை அதற்குத்தான் தூக்கும். ஆனால் பக்கத்துக் குளத்திலிருந்து கொண்டுவந்தோம் என்பது மட்டும் போதாது, எப்படிக் கொண்டுவந்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் விரால் பார்ப்பை அத்தாங்கால் கோலி எடுப்பதில் கெட்டிக்காரர்கள். செந்நிறமாக ஒரு பந்து போல மேலே வந்து வந்து போகும் குஞ்சுக் கூட்டம், கீழே தாயும் தகப்பனும் காவல். ஒரே கோலில் ஐந்நூறு குஞ்சு வரும். ஐந்நூறு விரால் கிடைத்ததே என்று மகிழ்ந்துபோய் விடுவோம். அந்த ஐந்நூறும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மரபணுக் கணக்கில் நாம் கொண்டுவந்தது இரண்டு மீன். பொரிப்பகக் குஞ்சுக்கும் இதே கதைதான், ஒரு தாய்க் கெண்டை இலட்சக்கணக்கில் முட்டை போடும், ஆயிரம் குஞ்சு வாங்கியும் அவற்றின் பெற்றோர் ஒரு கை விரலுக்குள் அடங்கலாம். வாளியில் எத்தனை மீன் என்று கேட்பதற்குப் பதிலாக எத்தனை குடும்பம் என்று கேட்க வேண்டும்.

அதனால் நான் சொல்லும் முறை இது. வழுக்கையாற்றுத் தொடரிலேயே மூன்று நாலு குளங்களைத் தேர்வோம். முன்பு வெள்ளத்தில் எங்கள் குளத்தோடு சேர்ந்தவை மட்டும். ஒவ்வொன்றிலும் வளர்ந்த விரால் பதினைந்து வரையில் எடுப்போம், பெரியது சின்னது என்று பொறுக்காமல். பெரியதை மட்டும் எடுத்தால் அந்தக் குளத்துக்கும் கேடு, எங்களுக்கும் ஒரு மாதிரி மீன்தான் வந்து சேரும். குஞ்சோடு நிற்கிற சோடியைத் தொடக் கூடாது, காவல் போனால் குஞ்சு முழுக்க மற்ற மீனுக்கு இரை. பார்ப்பு எடுக்கத்தான் வேண்டும் என்றால் வேறுவேறு பந்துகளில் இருபது இருபதாக எடுக்கட்டும். உடம்பில் புண் உள்ள ஒன்றைக்கூட வாளியில் போடக் கூடாது. ஒரே வருடத்தில் முடிக்காமல் மூன்று மாரிக்குப் பிரித்துச் செய்தால், ஒரு வருடப் பிழையை அடுத்த வருடம் திருத்தலாம்.

இதற்கு நல்ல நேரம் இந்தக் கிழமைகள்தான். பல குளங்கள் இப்போது நடுவில் ஒரு பாய் அளவு குட்டையாகச் சுருங்கிவிட்டன. அதில் நெருங்கிக் கிடக்கிற மீனைக் கொக்கும் நாரையும் கரப்புக்காரரும் எப்படியும் எடுக்கப் போகிறார்கள். அந்தக் குளத்துக்குப் பெரிய நட்டம் இல்லாமல் எடுக்கக்கூடியது இப்போதுதான். மழை வரும்வரை கேணியில் வைத்திருக்கலாம்.

விராலைப் பற்றியே பேசுகிறேன், ஏனென்றால் ஊர் அதைத்தான் மீன் என்று எண்ணுகிறது. கடல் மீன் தின்று வளர்ந்த யாழ்ப்பாணத்துக்கு மற்றக் குளத்து மீனெல்லாம் சேற்று மணம். ஆனால் குறவை, சுங்கான், கெளிறு, சின்னக் கெண்டைகள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். சின்ன மீன்களை முதலில் விட வேண்டும். அவை ஒரு மாதமாவது பெருகிய பிறகு விராலை இறக்கினால்தான் தின்னவும் மிச்சம் இருக்கும்.

நுளம்புக்குக் கப்பி மீன் விடலாம் என்றும் ஒருவர் சொன்னார். டெங்குப் பயம் உள்ள ஊரில் அதைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆனால் நுளம்புக் குடம்பியைத் தின்ன எங்களிடமே மீன் இருக்கிறது. தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டியே நிற்கும், தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும், விரல் நீளம்கூட இல்லாத சின்ன மீன். நெல்வயல் வாய்க்காலில் எல்லாரும் பார்த்திருப்போம். அறிவியல் பெயர் அப்ளோகைலஸ் பார்வஸ். கடையில் வாங்கும் கப்பி பல தலைமுறை தொட்டிக்குள் நிறத்துக்காகப் பொறுக்கப்பட்ட மீன். குளத்துக்கு அது எதற்கு?

இன்னொரு வேலையும் இதோடு செய்து வைக்கலாம். விடுகிற ஒவ்வொரு விராலின் வால் செட்டை ஓரத்திலும் அரிசி மணி அளவு வெட்டி, 95 வீத அற்ககோலில் போட்டுச் சின்னக் குப்பியில் குளத்தின் பெயரோடு வைத்தால் போதும். செட்டை திரும்ப வளரும், மீனுக்குக் கேடில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறை திருநெல்வேலியில், எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. இன்றைக்கே யாரும் ஆராய வேண்டும் என்றில்லை. பத்து வருடம் கழித்து ஒரு மாணவி வந்து, இந்தக் குளத்து மீன் அன்று எப்படி இருந்தது, இன்று எதை இழந்திருக்கிறது என்று கேட்டால் கொடுக்க எங்களிடம் ஒரு குப்பிப் பெட்டி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மீன் வாங்க என்று ஒதுக்கிய காசை வாய்க்காலுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன். பெக்கோ அரை நாள், மதகின் வாயைத் திறக்க, பிறகு ஆட்கள் இரண்டு நாள், குப்பை அள்ள. கமநல சேவை நிலையத்திலும் பிரதேச சபையிலும் கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அத்தாங்கும் மூடி போட்ட வாளியும் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். மச்சானிடம் லொறியைக் கேட்கிறேன், கிளிநொச்சிக்குப் போக அல்ல, பக்கத்துக் குளங்களைச் சுற்றிவர. கேணியில் நிற்கும் 14ஐ இறக்குகிற நாளைப் பெரியப்பா சொல்லட்டும். அவர் காலில்தான் அது முதலில் அசைந்தது.